ஸாத்தர் தீர்ந்துவிட்டதா என்று கேட்டீர்கள்

யம்மா,

நேற்றும் கேட்டீர்கள். "நான் கொடுத்த ஸாத்தர் எப்போதோ தீர்ந்திருக்குமே, புதிதாக அனுப்பட்டுமா?" அந்த மூலிகைப் பொடியைக் கடைசித் துகள்வரை வழித்துச் சாப்பிட்டோம், சிரமப்பட்டு அனுப்ப வேண்டாம் என்று வழக்கம்போலச் சொன்னேன். உங்கள் மகன் அதை அரபியில் சொன்னதும் உங்கள் முகம் மலர்ந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இனி என்னால் அதைச் சொல்ல முடியாது.

உங்கள் பெயரையும் மகனின் பெயரையும் இங்கே எழுதமாட்டேன். இதை யார் யாரோ படிப்பார்கள். ஊரைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். பாலஸ்தீனத்தில் பெத்லகேமுக்கு அருகே, 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள் பட்டியலில் ஏறிய பத்தீர். மகனோடு வாழும் தாய்மார் அங்கே எத்தனையோ பேர்.

அந்த மக்லூபாச் சோறு ஆக்கிய நாள் நினைவிருக்கிறதா? 2019 செப்டம்பர். உங்கள் குடும்பத்தின் தண்ணீர் முறை அன்று. எட்டுக் குடும்பங்கள் ஊற்று நீரைப் பங்கிடுவதால் வாரத்துக்கு எட்டு நாள் வைத்திருக்கும் ஊர் அல்லவா! வாய்க்காலைத் திருப்பிவிட்டு, அங்கியின் விளிம்பு நனைய ஓடி வந்து அடுப்பை அணைத்தீர்கள். தாம்பாளத்தைப் பானையின் வாயில் வைத்து அழுத்தி, மகனும் நீங்களுமாகப் பிடித்து ஒரே மூச்சில் கவிழ்த்தீர்கள். உடனே பானையைத் தூக்கவில்லை. அதன் அடியை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே இருந்தீர்கள், குழந்தையைத் தூங்க வைப்பதுபோல. தூக்கியபோது சோறு பானையின் வடிவத்திலேயே நின்றது. மேலே கோழி, காலிஃபிளவர், பொரித்த கத்தரிக்காய். ஒரு கத்தரித் துண்டு மட்டும் பானையோடு ஒட்டிக்கொண்டது. அதை விரலால் பெயர்த்து, ஊதி, என் வாயில் வைத்து, நலமாகச் சாப்பிடு என்ற பொருளில் "ஸஹ்தேன், யம்மா" என்றீர்கள். உங்கள் ஊரில் தாயும் பிள்ளையை யம்மா என்றே அழைப்பாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. என் அம்மாவும் என்னை அப்படித்தான் அழைப்பாள். கண் கலங்கிவிட்டது. சுட்டுவிட்டது என்று நினைத்துத் தயிரை என் பக்கம் நகர்த்தினீர்கள்.

அந்த ஸாத்தரை நாங்கள் சாப்பிடவில்லை, யம்மா. இஸ்ரேல் விமான நிலையக் கழிவறையின் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டேன். அங்கே சோதனையில், யாராவது எதையாவது கொடுத்தனுப்பினார்களா, எங்கே தங்கினாய் என்று கேட்பார்கள் என முன்பே தெரியும். கேட்டார்கள். யாரும் எதுவும் தரவில்லை, எருசலேமில் விடுதியில் தங்கினேன் என்றேன். அங்கே நடந்த மற்றதை இங்கே எழுத விரும்பவில்லை. உங்கள் மகனுக்குத் தொல்லை வரக் கூடாதே என்றுதான் அப்படிச் செய்தேன். அது பாதி உண்மை. விமானத்தைத் தவறவிட்டுவிடுவேனோ என்ற பயம் மறுபாதி.

ஆனால் நீங்கள் ஏன் கொடுத்தீர்கள்? மகன் வேண்டாம் என்று தடுத்தான். அவன் கையைத் தட்டிவிட்டுப் பையில் திணித்தீர்கள். அந்த மூன்று நாளும் ஒரு தட்டைக்கூடக் கழுவ விடவில்லை. போதும் என்றால் முகம் வாடினீர்கள். ஒன்றையும் திருப்பித் தர விடாதவர்களிடம் வாங்கிக்கொண்டே இருப்பது எவ்வளவு பாரம் என்று உங்களுக்குத் தெரியுமா? 2023 அக்டோபருக்குப் பிறகு இஸ்ரேலுக்குள் வேலைக்குப் போக மகனுக்கு இருந்த அனுமதி நின்றுபோனதை வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன். பணம் அனுப்பட்டுமா என்றதற்கு, "நீ எங்கள் விருந்தாளி" என்று பேச்சை மாற்றிவிட்டீர்கள். இத்தனை வருடம் கழித்துமா விருந்தாளி?

மன்னியுங்கள். கோபப்பட எனக்கு உரிமை இல்லை.

காட்டு ஸாத்தரைப் பறிக்க இஸ்ரேல் 1977இலேயே தடை விதித்தது என்பதைப் பிறகுதான் படித்தேன். உங்களுடையது வீட்டு வரப்பில் வளர்த்தது. இலையை உருவி, உலர்த்தி, உள்ளங்கையில் தேய்த்து, எள்ளும் புளிப்பான சுமாக் பொடியும் சேர்த்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அதைத்தான் கசங்கிய காகிதங்களுக்கு நடுவே கொட்டினேன். விரலில் அந்த மணம் ஊர் வந்து சேரும்வரை போகவில்லை.

பொய்யை எல்லாம் ஆங்கிலத்தில்தான் சொன்னேன். அதனால் உண்மையை முதலில் என் மொழியில் எழுதிப் பார்க்கிறேன். நாளை இதை மகனுக்குப் புரியும்படி எழுதி அனுப்புவேன். படித்துக் காட்டும்போது அவன் சில வரிகளைத் தாண்டிப் போகப் பார்ப்பான், விடாதீர்கள். எல்லாம் கேட்ட பிறகும் அனுப்பத் தோன்றினால் அனுப்புங்கள், யம்மா. இந்த முறை வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.