தேவார வகுப்பில் ஒரு வரைபடம் வேண்டும்

சுங்கை சிப்புட் வட்டாரக் கோயில் தலைவர்களுக்கும் சமய வகுப்பு ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

திருமுறை ஓதும் போட்டி நெருங்கிவிட்டால் நம் பிள்ளைகள் கோயில் கோயிலாகப் பாடப்பட்ட தேவாரப் பதிகங்களை அழகாக மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். பண் பிசகுவதில்லை. ஆனால் அந்தப் பதிகத்தின் ஊர் எங்கே என்று கேட்டால் “இந்தியாவில்” என்பதோடு சரி. ஊர் ஊராகப் போய்ப் பாடியவர்களின் பாட்டை, பயணத்தைக் கழித்துவிட்டுச் சொல்லிக்கொடுக்கிறோம். தேவாரம் பாடிய சம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் போன வழியைப் பிள்ளைகளே கணினி வரைபடத்தில் குறிக்கட்டும் என்பதுதான் என் கோரிக்கை.

செலவு இல்லை. கூகுள் மை மேப்ஸ் இலவசம், ஆசிரியரின் கணக்கு ஒன்று போதும். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் 2007-லேயே தேவாரத்தை வரைபடங்களோடு மின்பதிப்பாக வெளியிட்டிருக்கின்றன.

ஆனால் சும்மா புள்ளி வைத்துவிட்டுப் போகிற வேலை இல்லை இது. பிரமபுரம், வேணுபுரம், புகலி, தோணிபுரம் என்று வரிசையாகத் தேடினால் பன்னிரண்டு ஊர் கிடைத்ததாகத் தோன்றும், பன்னிரண்டும் சீர்காழிதான். திருத்துருத்தி என்பது மயிலாடுதுறைப் பக்கத்துக் குத்தாலம். அவசரத்தில் குற்றாலம் என்று தட்டினால் தென்காசி அருவியில் போய் நிற்போம்.

பாடிய இடமும் பாடப்பட்ட இடமும் ஒன்றாகவே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. திருக்கேதீச்சரமும் திருக்கோணமலையும் ஈழத்தில் இருக்கின்றன. சம்பந்தர் இராமேசுவரத்தில் இருந்தபடியே அவற்றைப் பாடினார் என்கிறது பெரியபுராணம். இமயத்துக் கேதாரத்தைக் காளத்தியிலிருந்து பாடினார். ஆகவே கடலுக்குக் குறுக்கே கோடு இழுத்துவிடக் கூடாது. இரண்டுக்கும் இரண்டு நிறம் கொடுங்கள். இன்னொன்று, எந்த ஊருக்குப் பிறகு எந்த ஊர் என்ற வரிசையைப் பெரும்பாலும் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் சொல்லித்தான் அறிகிறோம். அவர் 12-ஆம் நூற்றாண்டுக்காரர், சம்பந்தருக்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு பின்னவர். வரைபடத்தில் தலங்கள் ஓர் அடுக்கில் (layer), சேக்கிழார் காட்டும் வழி வேறோர் அடுக்கில் என்று பிரித்துவிட்டால் எது யார் வாக்கு என்று பிள்ளைகளுக்கே தெரியும். கயிலை வழியில் குளத்தில் மூழ்கிய அப்பர் திருவையாற்றில் எழுந்தாரே, அதை எப்படிக் காட்டுவது? கிலோமீட்டர் கணக்கெல்லாம் பார்க்காமல் புள்ளிக்கோடாகப் போடச் சொல்லுவேன். வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம் நாகப்பட்டினம். அங்குள்ள சிவன் கோயிலான நாகைக்காரோணத்தை மூவருமே பாடியிருக்கிறார்கள். அதே நாகையில் கப்பலேறித்தான் நம் மலேசியத் தோட்டத்துப் பெரியவர்கள் பலர் பினாங்கில் வந்து இறங்கினார்கள். தாத்தா பாட்டியிடம் பூர்வீக ஊரைக் கேட்டு வந்து பிள்ளைகள் அதையும் தனி அடுக்காகச் சேர்க்கட்டும். சோழநாட்டில் மட்டும் 190 பாடல் பெற்ற தலங்கள், அதாவது தேவாரம் பாடப்பட்ட கோயில்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர் என்றால் சில மைலுக்குள் ஒரு தலம் இருக்கவே வாய்ப்பு அதிகம். எந்தத் தலம், எவ்வளவு தூரம் என்று பார்த்த பிறகு அந்தப் பதிகத்தை முதலில் படிக்கட்டும்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். மடிக்கணினியோடு நான் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் மண்டபத்தையும் புரொஜெக்டரையும் ஒரு மணி நேரம் விட்டுக்கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
வகுப்புக்குப் பேரப்பிள்ளையை அனுப்பும் ஒருவர்