இன்ஜின் வேலை பார்ப்பதா, புதிது மாட்டுவதா?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் பெரம்பூர் ரயில்வே குடியிருப்பு, மாதவரம் அடுக்குமாடிகள், மணலி தொழிற்சாலை வளாகங்கள் என்று எங்கே பார்த்தாலும் புல் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். மாதக்கணக்கில் மூலையில் கிடந்த புல் வெட்டும் மெஷின்கள் அப்போதுதான் பட்டறைக்கு வரும். கூடவே ஒரு கேள்வியும் வரும்: "இன்ஜின் போச்சா? வேலை பார்க்கலாமா, புதுசே மாட்டிடலாமா?"

கயிற்றை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. அது கூடாது. அளந்து காட்டாமல் யார் சொன்னாலும், நாங்களே சொன்னாலும், பணத்தை எடுக்காதீர்கள்.

முதலில், இன்ஜின் கெட்டது போலத் தெரிவதெல்லாம் இன்ஜின் கெட்டதாகாது. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடல் காற்று அடிக்கும் நம் பகுதியில் டேங்கில் பெட்ரோலோடு மெஷினை நிறுத்தி வைத்தால் கார்ப்ரேட்டரில் நீர் தங்கும், பெட்ரோல் போகும் சின்னத் துளையான ஜெட் அடைத்துக்கொள்ளும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்தாலே போதும். பிளேடு கல்லில் அடித்த பிறகு ஸ்டார்ட் ஆகவில்லையா? ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்தைப் பிடித்திருக்கும், சாவி என்று நாங்கள் சொல்லும் சின்ன உலோகத் துண்டு வெட்டுப்பட்டு, தீப்பொறி விழும் நேரமான டைமிங் நகர்ந்திருக்கலாம். பிளேடைக் கழுவ மெஷினைக் கவிழ்த்த பிறகு வெண்புகை வந்தால், ஆயில் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். அளவு பார்த்து ஆயிலைச் சரிசெய்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் அடங்கிவிடும். இதற்கெல்லாம் புது இன்ஜின் விற்பது நியாயமில்லை.

இவை எதுவும் இல்லையென்றால்தான் இன்ஜினுக்குள் போக வேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் கம்ப்ரெஷன் கேஜை மட்டும் நாங்கள் நம்புவதில்லை. கயிறு இழுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று பல நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின்களில் வால்வைக் கொஞ்சம் திறந்துவிடும் அமைப்பு இருக்கும். நல்ல இன்ஜினும் கேஜில் குறைவாகக் காட்டும். அதனால் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியே காற்றை ஏற்றி, எங்கே கசிகிறது என்று காது கொடுத்துக் கேட்போம். கார்ப்ரேட்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் நிறைய வந்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங், அல்லது போர், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை. வால்வு கசிவென்றால் பெரும்பாலும் இடைவெளி சரிசெய்து, தேவைப்பட்டால் வால்வைத் தேய்த்து உட்காரவைத்தாலே முடிந்துவிடும்.

ரிங், போர் என்றால் அளவுகோல் பேச வேண்டும். ஹோண்டா ஜிஎக்ஸ்160 இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதில் போரின் குறுக்களவு 68 மில்லிமீட்டர். 68.165 வரை தேய்மானத்தைக் கம்பெனியே அனுமதிக்கிறது. அதற்குள் இருந்தால் ரிங் செட் மாற்றலாம். தாண்டியிருந்தாலும் கவலை வேண்டாம். உள்ளே வார்ப்பிரும்பு ஸ்லீவ் (உறை) இருப்பதால் லேத்தில் கொடுத்து ரீபோர் செய்து, அதாவது துளையைச் சற்றுப் பெரிதாக்கி, 0.25 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டு ஓட்டலாம். ஸ்லீவே இல்லாத மலிவான அலுமினிய சிலிண்டரில் கோடு விழுந்திருந்தால் அதில் பணம் போட வேண்டாம் என்றே சொல்வோம்.

எங்கள் முடிவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கிராங்க்தான், அதாவது பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு. இந்தச் சின்ன இன்ஜின்கள் பலவற்றில் பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு அலுமினியம். நடுவில் பேரிங் எதுவும் இல்லாமல் நேராகக் கிராங்க் பின் மேலேயே சுற்றும். ஜிஎக்ஸ்160 கொள்ளும் ஆயிலே சுமார் 0.6 லிட்டர்தான். அதில் பாதி குறைந்த நிலையில் வெயிலில் ஓட்டினால் அலுமினியம் உருகிப் பின்னில் அப்பிக்கொள்ளும். அப்பியதை நீக்கிப் பார்த்து, கிராங்க் பின்னின் வட்டம் மாறாமல் இருந்தால் புது ராடு போட்டு வேலையை முடிக்கலாம். ராடு ஒடிந்து கிராங்க்கேஸை (இன்ஜினின் வெளிக்கூட்டை) குத்திக் கிழித்திருந்தாலோ, பிளேடு அடித்து கிராங்க் வளைந்திருந்தாலோ புதிதுதான். வளைந்த கிராங்க்கைத் தட்டி நிமிர்த்தித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். அந்த வேலையை நாங்கள் எடுப்பதில்லை. பிளேடு சுழலும் மெஷினில் அது கால் போகிற விஷயம்.

தோளில் மாட்டும் இரண்டு ஸ்ட்ரோக் புல்வெட்டி வேறு கதை. அதன் போரில் மேலே பூச்சு இருக்கும், ரீபோர் ஆகாது. சிலிண்டரும் பிஸ்டனும் சேர்ந்த கிட் கிடைத்தால் மாற்றலாம். கிராங்க் பேரிங்கும் ஆடினால் அதில் செலவு செய்யாதீர்கள். அப்புறம், ஆயில் கலக்காத பெட்ரோல்தான் இந்த மெஷின்களைச் சீஸ் ஆக்குகிறது, அதாவது பிஸ்டனை இறுகிப்போக வைக்கிறது. 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. உங்கள் மெஷினுக்கு எது என்பதைத் தோட்ட வேலை செய்பவரிடம் எழுதியே கொடுத்துவிடுங்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளம் போல ஒன்றில் மெஷின் மூழ்கினால் தயவுசெய்து கயிற்றை இழுக்காதீர்கள். சிலிண்டரில் நின்ற தண்ணீர் அழுந்தாது, ராடு வளையக்கூடும். அப்படியே உடனே கொண்டு வாருங்கள். எண்ணூர் பக்கத்து உப்புத் தண்ணீர் என்றால் ஒவ்வொரு நாளும் முக்கியம்.

பழுதுச் செலவு புது இன்ஜின் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றிவிடு என்பார்கள். அடித்தகடு துருப்பிடித்து ஓட்டையான மெஷினுக்கு அந்தப் பாதியும் வீண். நல்ல உடம்புள்ள மெஷினுக்குப் பாதிக்கு மேலும் செலவழிக்கலாம். புது இன்ஜின் நீங்களே வாங்குவதானால் பழைய ஷாஃப்ட்டை அளந்துகொண்டு போங்கள். 20 மில்லிமீட்டரும் முக்கால் அங்குலமும் கண்ணுக்கு ஒன்று போலத் தெரியும், ஒன்றில் மற்றது சேராது. நெட்டு ஷாஃப்ட்டா, படுக்கை ஷாஃப்ட்டா என்பதையும் பாருங்கள்.

இனி எங்களிடம் பிரிக்கும் ஒவ்வொரு இன்ஜினுக்கும் அளவுகளைச் சீட்டில் எழுதி, கழற்றிய பாகங்களோடு உங்களுக்குக் காட்டுவோம். பிரித்துப் பார்க்கும் கூலியை, வேலை எங்களிடமே நடந்தால் பில்லில் கழித்துவிடுவோம். மெஷினைக் கொண்டு வரும்போது அதை ஓட்டியவரையும் முடிந்தால் அழைத்து வாருங்கள். கடைசியாக என்ன சத்தம் கேட்டது, எதில் அடித்தது என்பது அவருக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் இன்ஜின் பட்டறையினர்,
வியாசர்பாடி