அஞ்சலிப் பாட்டு எங்கே சறுக்குகிறது?

ஆசிரியருக்கு,

மறைந்த ராக் கலைஞர்களுக்கு எழுதப்படும் அஞ்சலிப் பாடல்கள் பலவும் பல்லவியிலேயே சறுக்குகின்றன. 'வானத்து நட்சத்திரமே' என்று தொடங்கினால் அது யாருக்கும் பொருந்தும் இரங்கற்பா. 1990 மார்ச்சில் ஹெராயினுக்குப் பலியான 'மதர் லவ் போன்' ராக் குழுப் பாடகர் ஆண்ட்ரூ வுட்டுக்காக, அவரோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த 'சவுண்ட்கார்டன்' குழுப் பாடகர் கிறிஸ் கார்னெல் எழுதிய பாடல்களிலிருந்துதான் 1991இல் 'டெம்பிள் ஆஃப் தி டாக்' ஆல்பம் பிறந்தது. அந்த நெருக்கம் இல்லாதவர்கள் ஒரு பொருளையாவது பிடித்துக்கொள்ளலாம்: விளிம்பு தேய்ந்த பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு), சிகரெட் சுட்ட தழும்புள்ள கிட்டார் தலை.

இனி இசை. கிட்டாரில் கீழ்ச்சுருதி ஒலிக்கும் ஆறாவது கம்பியை 'ஈ' சுரத்திலிருந்து 'டி'க்கு இறக்கினால் ஒரே விரலில் பவர் கார்டு (ராக்கில் அதிகம் வரும் இரு சுரக் கூட்டொலி) கிடைக்கும், கனமும் கூடும். மெல்லிய கம்பி என்றால் தொளதொளத்துச் சுருதி விலகும். அந்த ஒரு கம்பியை மட்டும் தடிமனாக மாற்றினால் போதும். வேகம் நிமிடத்துக்கு 60 தட்டுக்குக் கீழே போனால் ஒப்பாரியாகிவிடும் (ஒப்பாரி தப்பில்லை, அதன் இலக்கணம் வேறு).

போதையையோ மனச்சிக்கலையோ பூசி மெழுக வேண்டாம். ஆனால் தற்கொலை என்றால், செய்துகொண்ட விதத்தை வர்ணிக்கவே கூடாது. ஊடகங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதைத்தான். இறந்தவரின் வரிகளை அப்படியே எடுத்துக் கோப்பதானால், உரிமையாளரின் அனுமதியைப் பதிவுக்கு முன்பே வாங்கிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்