அலாஸ்காவுக்குப் போகும் கமலாவுக்கு

அன்புள்ள கமலா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான், அண்ணாவுக்கு முட்டி வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை, வான்கூவரில் இருக்கும் மகள் உங்கள் இருவரையும் அடுத்த மே மாதம் அலாஸ்கா கப்பலில் அழைத்துப் போகப் போகிறாள் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தபோது மனசுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இங்கேயும் எல்லோரும் நலம். இவருக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, தெருமுனையில் வரும் பஸ்ஸின் எண்ணைக் கண்ணாடி இல்லாமலே படிக்கிறார். சின்னவள் சென்னைக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். மற்றதையெல்லாம் போனில் பேசிக்கொள்ளலாம். கப்பலைப் பற்றி நீ கேட்டதற்கு மட்டும் உட்கார்ந்து எழுதுகிறேன், ஏனென்றால் இதைப் பேச்சில் சொன்னால் பாதி மறந்துபோகும்.

"ஏழு நாள் தண்ணீரில் அடைந்து கிடந்து என்னடி செய்வது" என்று கேட்டிருக்கிறாய். அடைந்து கிடக்கவே மாட்டாய். வான்கூவரிலிருந்து கிளம்பும் கப்பல் கிடைத்தது நல்ல யோகம். சியாட்டிலிலிருந்து போகும் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு வெளியே திறந்த கடலில் போகின்றன, 1886-ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டத்தால் எப்படியும் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும் என்று விக்டோரியாவில் சாயங்காலமாகச் சில மணி நேரம் நின்றுவிட்டு வருகின்றன. உங்களுடையது தீவுக்கும் நிலத்துக்கும் நடுவே போகும் வழி. இரண்டு பக்கமும் கரை, கரை முழுக்கத் தேவதாரும் ஊசியிலை மரங்களும், இடையிடையே ஆள் அரவமே இல்லாத ஒரு கலங்கரை விளக்கம். சீமோர் நேரோஸ் என்று ஒரு குறுகலான இடம் வரும், நீரோட்டம் பயங்கர வேகம், அதனால் ஓதம் தணியும் நேரம் பார்த்துத்தான் கப்பலைக் கொண்டுபோவார்கள். அங்கே தண்ணீருக்கடியில் இருந்த இரட்டைப் பாறை எத்தனையோ கப்பல்களை உடைத்திருக்கிறது. கடைசியில் 1958-ல் கடலுக்கடியில் சுரங்கம் தோண்டி வெடி வைத்து அதன் தலையைத் தகர்த்தார்கள். அந்த இடத்தைக் கடக்கும்போது அறைக்குள் இருக்காதே, மேல் தளத்துக்குப் போய் நில், அண்ணாவுக்கு எஞ்சினியர் மனசு, அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

குமட்டலைப் பற்றிப் பயப்பட வேண்டாம். இந்த வழியில் கடல் பெரும்பாலும் அமைதி, குயீன் சார்லட் சவுண்ட் என்ற இடத்திலும் அலாஸ்கா எல்லையை ஒட்டியும் சில மணி நேரம்தான் வெளிக்கடலின் அலை படும். அறை கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளம் ஒன்றில் இருந்தால் அதுகூடத் தெரியாது. அறை விஷயத்தில் இன்னொன்று முக்கியம். உன் அறைக்கு மேல் தளத்திலும் கீழ்த் தளத்திலும் இருப்பவை அறைகளாகவே இருக்க வேண்டும். ஒரு தடவை எங்களுக்கு நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே அறை கிடைத்து, விடியற்காலையில் நாற்காலிகளை இழுக்கும் சத்தத்தில் தினமும் எழுந்தோம். கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறதே என்று "அறையை நாங்களே ஒதுக்குவோம்" என்கிற டிக்கெட்டை உன் மகள் வாங்கிவிடப் போகிறாள், அண்ணா முட்டியோடு லிஃப்டுக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்.

விசாவை இப்போதே ஆரம்பி. நம் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசா, அமெரிக்க விசா இரண்டும் வேண்டும், இரண்டிலும் பல முறை நுழைய அனுமதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள், நீ அலாஸ்காவிலிருந்து மறுபடி கனடாவுக்குள் வருகிறாய். அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனை வான்கூவர் கப்பல் முனையத்திலேயே நடந்துவிடும், சில நாள் வரிசை நீளம், ஒரு பாட்டில் தண்ணீரும் கொறிக்க ஏதாவதும் கையில் இருக்கட்டும். பெட்டியைத் துறைமுகத்தில் வாங்கிக்கொள்வார்கள், அது அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகும். அதனால் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, ஒரு ஸ்வெட்டர், எல்லாம் கைப்பையில். கப்பலில் டாக்டர் உண்டு, ஆனால் அவரிடம் போனால் பில் பெரிதாக வரும், நடுக்கடலிலிருந்து ஹெலிகாப்டரில் கொண்டுபோகும்படி ஆனால் அந்தச் செலவை நம்மால் நினைத்தே பார்க்க முடியாது. அவசரமாகக் கரைக்குக் கொண்டுசெல்லும் செலவையும் ஏற்கும் காப்பீடு எடுக்காமல் கிளம்பாதே. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

ஏறின அன்றைக்கு அபாயப் பயிற்சி இருக்கும். எந்த இடத்தில் கூட வேண்டும், உயிர்காப்புக் கவசத்தை எப்படி மாட்டுவது என்று காட்டுவார்கள். சலித்துக்கொள்ளாமல் இரண்டு பேரும் அந்த இடம் வரை ஒரு தடவை நடந்து பார்த்துவிடுங்கள், படி வழியாகவே. 2012 ஜனவரியில் இத்தாலியில் ஜிலியோ தீவுக்கருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்களே, அன்றைக்கு ஏறியவர்களில் பல பேருக்கு அந்தப் பயிற்சியே நடக்கவில்லை. கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய கையோடோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்ற விதி அதற்கப்புறம் வந்ததுதான்.

சாப்பாட்டுக்கு வருகிறேன், உனக்கு அதுதான் பெரிய கவலை என்று தெரியும். டிக்கெட் எடுக்கும்போதே இந்தியச் சைவம் என்று பதிவு செய்யச் சொல். முதல் ராத்திரி சாப்பாட்டு அறையில் தலைமைப் பரிமாறுபவரைக் கேட்டு, அவரிடம் நேரில் பேசு. நிறையக் கப்பல்களில் கோவாக்காரர்களும் கேரளக்காரர்களும் வேலை பார்க்கிறார்கள், முந்தின நாளே சொல்லி வைத்தால் பருப்பும் காய்கறிக் கூட்டும் சப்பாத்தியும் பண்ணித் தருவார்கள், நம் வயசுக்காரர்களைக் கண்டால் தங்கள் அம்மா ஞாபகம் வந்து கூடுதலாகவே கவனிப்பார்கள். அவர்கள் மாதக்கணக்கில் குழந்தை குட்டிகளைப் பிரிந்து உழைக்கிறவர்கள், கமலா. ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை டாலர் என்று சேவைக் கட்டணம் தானாகவே கணக்கில் ஏறும், சில பேர் வரவேற்பு மேஜையில் போய் அதை நீக்கச் சொல்கிறார்கள், நீ அதைச் செய்யாதே. பஃபேயில் வெறும் சாதமும் புளிக்காத தயிரும் எப்போதும் கிடைக்கும், ஒரு சின்ன டப்பா ஊறுகாயும் பருப்புப் பொடியும் போதும். ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி எதையும் பெட்டியில் வைக்காதே, தீ பயத்தால் எடுத்து வைத்துக்கொள்வார்கள். ஆகவே கசங்காத புடவையாக எடுத்துக்கொள். ஒரு பட்டு மட்டும் வை, அலங்கார விருந்து என்று ஒரு ராத்திரி வரும், அன்றைக்கு உன்னைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். பஃபேக்கு முன்னால் கையில் தெளிக்கும் திரவத்தை மட்டும் நம்பாதே, கப்பலில் பரவும் நோரோ வைரஸுக்கு அது போதாது, சோப்புப் போட்டுக் கை கழுவு.

அப்புறம் குளிர். மே மாதம் மழை மற்ற மாதங்களைவிடக் குறைவு, மலையெல்லாம் பனி மூடி அழகாக இருக்கும், ஆனால் சால்மன் மீன் ஆற்றில் ஏறுவதையும் அதைப் பிடிக்க வரும் கரடியையும் பார்க்க வேண்டுமென்றால் ஜூலை, ஆகஸ்ட் ஆக வேண்டும். மகளின் லீவுக்காக மே என்று முடிவாகிவிட்டதால் அதை விடு. ஒரே ஒரு தடிமனான கோட்டைவிட மேலே மேலே போட்டுக் கழற்றக் கூடிய துணிகள் நல்லது, வெளியில் தலைமூடியோடு மழைக்கோட்டு, கையுறை, காலுக்கு நல்ல ஷூ. செருப்போடு வந்து நிற்காதே.

இனி ஊர்கள். நான் பல கப்பல் பார்த்துவிட்டு உனக்குச் சொல்வது ஒன்றுதான், ஒரு துறைமுகத்துக்கு ஒரே ஒரு விஷயம். ஐரோப்பாப் பக்கம் போனபோது ரோம் என்று எழுதியிருக்கும், கப்பல் நிற்பதோ சிவித்தாவெக்கியாவில், அங்கிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். கூட வந்தவர்கள் எட்டு இடம் பார்க்கப் பஸ் பிடித்து, சாயங்காலம் வந்து எதைப் பார்த்தோம் என்று போட்டோவில் தேடினார்கள். அலாஸ்காவிலும் துறைமுகத்துக்கு எதிரிலேயே வரிசையாக நகைக்கடைகள், கப்பல் வரும் பருவத்துக்கு மட்டும் திறப்பவை நிறைய, அவற்றில் நுழைந்தால் இரண்டு மணி நேரம் போயிற்று.

ஜூனோவில் மெண்டன்ஹால் பனியாறு. அலாஸ்காவின் தலைநகரம் அது, ஆனால் வெளியூரிலிருந்து சாலை கிடையாது, விமானத்திலோ கப்பலிலோதான் போக முடியும். பனியாறு ஊரிலிருந்து 20 கிலோமீட்டர். நகரப் பேருந்தில் போனால் கடைசியில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும், அண்ணாவுக்கு அது வேண்டாம், நேராகப் பார்வையாளர் மையத்துக்கே போகும் வண்டி எடுங்கள். 1962-ல் அந்த மையத்தைத் திறந்தபோது பனி எங்கே நின்றது என்பதைப் படத்தில் காட்டி வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியே இப்போது எங்கே இருக்கிறது என்று பார்த்தால் நெஞ்சு கனக்கும். திமிங்கலம்தான் வேண்டும் என்றால் பனியாற்றை விட்டுவிட்டு ஆக் பே பக்கம் படகில் போ. குளிர்காலத்தை ஹவாய்ப் பக்கம் கழித்துவிட்டு இரை தேடி வடக்கே வரும் கூனல் திமிங்கலங்கள் மே மாதத்தில் அங்கே வந்து சேர்ந்திருக்கும்.

ஸ்காக்வேயில் யோசிக்கவே வேண்டாம், வைட் பாஸ் ரயில். ஊட்டி ரயிலில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுவாயே, அந்தக் கமலாவுக்காகவே போட்ட பாதை மாதிரி இருக்கும். நம்முடைய மீட்டர் கேஜைவிடக் குறுகல், மூன்றடிதான், பல்சக்கரமும் இல்லை, ஆனாலும் 20 மைலில் கிட்டத்தட்ட 2,900 அடி ஏறிவிடுகிறது. 1898-ல் தொடங்கி 1900-ல் முடித்திருக்கிறார்கள், எல்லைக்கு அப்பால் கனடாவின் க்ளாண்டைக் பக்கம் தங்க வேட்டை நடந்த காலம். ஒரு வருஷத்துக்கு வேண்டிய சாமான் இல்லாதவர்களைக் கனடாப் போலீஸ் எல்லைக்குள் விடவில்லை, கிட்டத்தட்ட ஒரு டன், அதைக் குதிரைமேல் ஏற்றி அந்த மலையில் ஓட்டியதில் சுமார் 3,000 பிராணிகள் செத்தன. வழியில் ஒரு பள்ளத்தாக்குக்குச் செத்த குதிரைப் பள்ளம் என்றே பெயர். போகும்போது இடது பக்கம் உட்கார். அண்ணா ஒரு அடிகூட நடக்க வேண்டியதில்லை.

கெச்சிகனில் வருஷத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை, சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம், நனையாமல் வரலாம் என்று எதிர்பார்க்காதே. அங்கே ட்லிங்கித், ஹைடா என்ற பழங்குடி மக்கள் விட்டுப்போன பழைய கிராமங்களிலிருந்து கொண்டுவந்த குலமரத் தூண்களை, அதாவது குலச் சின்னங்கள் செதுக்கிய மரத் தூண்களை, ஒரு அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். வெளியில் வர்ணம் பூசி நிற்கும் புதிய தூண்களைவிட, உள்ளே சாயம் போய் வெடித்து நிற்கும் அந்த 19-ஆம் நூற்றாண்டுத் தூண்கள்தான் எனக்குப் பெரிதாகப் பட்டன. நம் கோயில் சிற்பத்தைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்தச் செதுக்கலின் அருமை உடனே புரியும்.

கிளேசியர் பே என்கிற பனியாற்று வளைகுடாவைத் தனியாகச் சொல்ல வேண்டும், அது ஒரு தேசியப் பூங்கா. அன்றைக்குக் கப்பல் எங்கும் நிற்காது, யாரும் இறங்க முடியாது, ஆனால் ஏழு நாளில் அந்த நாள்தான் நாள். ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்குத்தான் அனுமதி. காலையில் பூங்காக் காவலர்கள் ஒரு சின்னப் படகில் வந்து கயிற்றேணி பிடித்து ஏறுவார்கள், நாள் முழுக்க ஒலிபெருக்கியில் விவரம் சொல்வார்கள். 1794-ல் கேப்டன் ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் வந்தபோது அந்த வளைகுடாவே கிட்டத்தட்ட இல்லை, வாசல் வரை பனி. 1879-ல் ஜான் மியூர் என்ற இயற்கை ஆய்வாளர் வரும்போது அது 30 மைலுக்கு மேல் பின்வாங்கியிருந்தது. இன்றைக்கு உள்ளே 65 மைல் போனால்தான் மார்ஜரி பனியாற்றின் முகம் வரும். அதற்கும் முன்னால் அங்கே ஹூனா ட்லிங்கித் மக்கள் குடியிருந்தார்கள், பனி முன்னேறி வந்து அவர்கள் ஊரை விழுங்கியதால் ஓடினார்கள். அவர்கள் திரும்பி வந்து ஒன்றுகூடுவதற்கென்று 2016-ல் அங்கே ஒரு குலவீடு எழும்பியிருக்கிறது. நான் நின்ற இடத்திலிருந்து அந்த நீலச் சுவரில் ஒரு துண்டு சத்தமே இல்லாமல் சரிவது தெரிந்தது, அது தண்ணீரில் விழுந்த பிறகுதான் இடி மாதிரிச் சத்தம் வந்து சேர்ந்தது. பேசிக்கொண்டிருந்த அத்தனை பேரும் அடங்கிவிட்டார்கள். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் விடவில்லை. பால்கனி எடுத்திருந்தாலும் அன்றைக்கு அங்கே உட்காராதே, முன் தளத்துக்குப் போய்விடு, பனியாற்றுக்கு எதிரே கப்பல் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்று மெதுவாகத் திரும்பும். ஒரு பைனாகுலரும் ஃபிளாஸ்க்கில் டீயும் இருந்தால் மத்தியானச் சாப்பாடே வேண்டாம்.

கடிகார விஷயத்தை மறந்துவிடப் போகிறேன். அலாஸ்கா நேரம் வான்கூவருக்கு ஒரு மணி நேரம் பின்னால், போன் தானாக மாறும், சில சமயம் மாறாது. கப்பலின் நேரத்தை வைத்த கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொள். கப்பல் ஏற்பாடு செய்த சுற்றுலா தாமதமானால் காத்திருப்பார்கள், நாமாகப் போய்த் தாமதமானால் போய்விடுவார்கள். கப்பல் துறையில் ஒரு தம்பதி பையோடு ஓடி வருவதை மேலே நின்று பார்த்திருக்கிறேன், ஏணியை எடுத்தாகிவிட்டது. கடலில் போனை விமான நிலையில் போட்டு வை, கப்பலின் செல்போன் இணைப்பு தொட்டாலே காசு.

மகள் அறை எண்ணைச் சொன்னவுடன், பணம் கட்டும் முன்னால், கப்பல் பெயரோடு எனக்கு அனுப்பு. தளப் படத்தில் மேலும் கீழும் என்ன இருக்கிறது, லிஃப்ட் எவ்வளவு தூரம் என்று பார்த்துச் சொல்கிறேன். என் பைனாகுலரை சின்னவள் அடுத்த மாதம் கோயம்புத்தூர் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். அண்ணாவை இப்போதிருந்தே தினமும் கொஞ்சம் நடக்கச் சொல்.

அன்புடன்,
விசாலம்