இரு கரையிலும் அந்நியர்: புகைப்பட நூலுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

கூடலூர், கோத்தகிரி, குன்னூர் வட்டாரங்களில் வாழும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பங்களைப் பற்றி ஒரு புகைப்பட நூல் தயாரித்துவருகிறோம். படம் எடுக்கும் வேலை முடிந்துவிட்டது. தேர்வும் ஏறக்குறைய முடிந்த மாதிரிதான், குழுவுக்குள் இன்னும் சில படங்களுக்குச் சண்டை நடக்கிறது என்றாலும். அச்சுக்குக் கொடுக்கத்தான் கையில் பணமில்லை.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். தமிழ்நாட்டிலிருந்து போய் இலங்கை மலையகத்தில் காப்பியும் பிறகு தேயிலையும் வளர்த்தவர்களின் வாரிசுகளை 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இரு நாட்டுப் பிரதமர்களின் பெயரால் அழைக்கப்படும் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும்; மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அந்த மிச்சத்தையும் 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் பாத்திரம் பண்டத்தை எண்ணுவதுபோல மனிதர்களை எண்ணினார்கள் என்று எழுதினால் கோபத்தில் எழுதியதாகத் தோன்றும். கோபத்தில்தான் எழுதுகிறோம்.

மலையகத்தின் அட்டன் ரயில் நிலையத்தில் அழுதபடி ரயிலேறி, தலைமன்னாரில் இராமானுஜம் கப்பலில் ஏற்றப்பட்டு, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு ஆளுக்கொரு திசையில் அனுப்பப்பட்டவர்கள் இவர்கள். சிலருக்கு நீலகிரியில் 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம். அதுவே பின்னாளில் டான்டீ என்னும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. சிலருக்குக் கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் பக்கத்து ரப்பர் தோட்டம். சிலருக்கு நூற்பாலை. வேறு சிலருக்குக் கடை வைக்கக் கடன் கொடுத்து, மழை காணாத ஊர்களுக்கு அனுப்பினார்கள். கொழுந்து கிள்ளிப் பழகிய கைக்குக் கடை நடத்தத் தெரியவில்லை. மலை இருக்கும் இடம் தேடி மறுபடியும் மூட்டை கட்டியவர்கள் ஏராளம். கொடைக்கானல் மலைக்காடுகளில் மரம் வெட்டப் போய்க் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களும் உண்டு.

அங்கே கள்ளத்தோணி, இங்கே சிலோன்காரன். இந்தியக் குடியுரிமையோடு வந்தவர்களை இன்றும் அகதியா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே வீட்டில் அண்ணன் ஒப்பந்தப்படி கப்பலில் வந்து குடிமகனானார். 1983-க்குப் பிறகு உயிர் பிழைக்கப் படகில் வந்த தம்பி முகாமில் அகதியாகப் பதிவானார். இரண்டு பேரும் ஒரே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர்கள். ஓய்வு பெற்றால் தோட்டக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும் என்ற பயம் ஒரு பக்கம். டான்டீ நிலங்களில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுப்பதாக 2022-இல் அரசு எடுத்த முடிவு இன்னொரு பக்கம். பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். ஒரே இடத்தில் இரண்டு தலைமுறை கால் ஊன்ற முடியாத இந்த அலைச்சல்தான் எங்கள் நூலின் பொருள்.

உள்ளே என்ன இருக்கும் என்று காட்ட ஒரு படம். சேரம்பாடிப் பக்கம் ஒரு பாட்டியின் தகரப் பெட்டியில் பழைய பாஸ்போர்ட் இருக்கிறது. குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஒரே புகைப்படம். அப்பாவும் அம்மாவும் நாற்காலியில், பிள்ளைகள் சுற்றி நின்றபடி, எல்லோருக்கும் கழுத்துவரை பொத்தான். மூத்த மகள் மட்டும் அதில் இல்லை. அவளைக் கட்டிக்கொடுத்த வீட்டார் இலங்கைக் குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தார்கள். அவளுடைய ஸ்டுடியோ படம் அதே பாஸ்போர்ட்டுக்குள் செருகியிருக்கிறது, பின்னால் ஊதா மையில் அட்டன் ஸ்டுடியோவின் முத்திரையோடு. இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னவர் பாட்டிதான். புகைப்படக்காரர் அதை அப்படியே எடுத்திருக்கிறார், வேறெதுவும் செய்யவில்லை.

இந்தப் பழைய படங்கள் அதிக நாள் தாங்காது. எழுபது, எண்பதுகளின் வண்ணப் படங்களில் நீலம் வெளுத்து முகமெல்லாம் செம்பழுப்பாகிவிட்டது. மலையின் ஈரத்தில் பூஞ்சை பிடித்து, சட்டக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டவை பல. பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும் என்பதால் கண்ணாடிக்கு மேலேயே பக்கவாட்டு வெளிச்சத்தில் மறுபடம் எடுத்தோம். நூலில் பாதி இப்படிப்பட்ட வீட்டுப் படங்கள். மறுபாதி இன்றைய முகங்கள், லயங்கள், பஸ் நிலையங்கள், விடுதி அறைகள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். முதுகில் கூடை, முகத்தில் சிரிப்பு, பின்னால் பச்சை மலை: இந்தப் படம் நூலில் இருக்காது. தேயிலைப் பொட்டலங்களின் மேல் அது போதுமான அளவு இருக்கிறது. அழுகிற முகத்தை அருகில் போய் எடுத்த படங்களையும் ஒதுக்கிவிட்டோம். வேண்டாம் என்று சொன்ன குடும்பங்களின் படங்கள், எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும், கோப்பிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டன.

கைப்பேசியில் காட்டினால் போதாதா, அச்சு எதற்கு என்று கேட்டார்கள். நாங்கள் போன வீடுகளில் கேட்டது ஒரே கேள்விதான்: புத்தகம் எப்போது கைக்கு வரும்? பாஸ்போர்ட் இருக்கும் பெட்டியில் அதையும் வைப்பார்கள்.

இனிக் கணக்கு. 160 பக்கம், கெட்டி அட்டை, 500 பிரதிகள். தாள், அச்சு, கட்டுமானம் எல்லாம் சேர்த்து 4,80,000 ரூபாய். மறுபடம், வண்ணத் திருத்தம், பக்க வடிவமைப்புக்கு 70,000 ரூபாய். ஆக மொத்தம் 5,50,000. உறுப்பினர்களும் நண்பர்களும் தந்தது 1,90,000. இன்னும் 3,60,000 ரூபாய் வேண்டும். புகைப்படக்காரர்கள் இருவரும் ஊதியம் வாங்கவில்லை. அவர்களில் ஒருவர் கப்பலில் வந்த பெற்றோரின் மகன். பேசிப் பார்த்தும் பயணச் செலவைக்கூட ஏற்க மறுத்துவிட்டார்.

படம் இடம்பெறும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பிரதி இலவசம். வட்டார நூலகங்களுக்கும் தோட்டப் பகுதிப் பள்ளிகளுக்கும் கொடுத்தது போக மீதியை விற்போம். விற்றுவரும் பணம் மிஞ்சிய குடும்பப் படங்களைப் பிரதியெடுக்கவே செலவாகும்.

1,200 ரூபாயும் அதற்கு மேலும் தருபவர்களுக்கு நூல் அனுப்பிவைக்கப்படும். நூறு, இருநூறு என்றாலும் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்வோம். தோட்டத்தில் ஒரு நாள் கூலியைக் கொடுத்தவர்கள் ஏற்கெனவே எங்கள் பட்டியலில் இருக்கிறார்கள். வங்கிக் கணக்கு விவரமும் ரசீதுப் புத்தகமும் குழு உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் உண்டு. ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் தர வேண்டாம். வரவு செலவுக் கணக்கு நூல் வெளியீட்டன்று எழுத்தில் வைக்கப்படும். பெயர் போட வேண்டாம் என்பவர்கள் ரசீதிலேயே குறித்துவிடுங்கள்.

பணம் தர இயலாதவர்களிடம் பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை, கப்பல் சீட்டு, ஸ்டுடியோ படம் ஏதேனும் இருந்தால் தெரிவியுங்கள். உங்கள் வீட்டிலேயே வந்து, உங்கள் கண்முன்னே பிரதியெடுத்துக்கொள்வோம். எதையும் வெளியே எடுத்துப்போக மாட்டோம்.

இப்படிக்கு,
நூலாக்கக் குழுவினர்