இது எந்த ஊர் மலை?

ஆசிரியருக்கு,

சென்ற மாதம் பேத்தியின் பாடசாலையில் சித்திரப் போட்டி. தலைப்பு ‘எங்கள் ஊர் ஆறு’. முதல் மூன்று இடம் பெற்ற படங்களைப் போய்ப் பார்த்தேன். மூன்றிலும் இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து நெளிந்து வரும் நீல ஆறு, கரையில் ஒரு தென்னை. குடும்பிமலைப் பக்கத்துப் பிள்ளைகள் மலை கீறினால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். இவர்கள் கல்லடிப் பிள்ளைகள். நமக்குச் சூரியன் கடலில் எழும்பி, நாங்கள் ஆறு என்று சொல்லும் வாவிக்கு அப்பால் விழுகிறது. அதனால்தான் இது எழுவான்கரை, அது படுவான்கரை. இந்தக் கரையில் நின்று ஆற்றுக்கு மேல் சூரியனைக் கீறினால் அது பின்னேரமாகத்தான் இருக்கவேண்டும். மூன்று படத்திலும் சேவல் கூவுகிறது!

என் பேத்தி ஆற்றைத் தேத்தண்ணி நிறத்தில் தீட்டியிருந்தாள். ‘தண்ணீர் நீலம்’ என்று நடுவர் ஒருவர் படத்தின் மேலேயே சிவப்புப் பேனையால் எழுதியிருந்தார்.

நானும் அதே பிழையைச் செய்தவன்தான். 34 வருடம் காணி வரைபடம் கீறிய படவரைஞர் நான். ஓய்வுக்குப் பிறகு, சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்த என் மருமகனிடம் எண்ணெய் வர்ணம் பழகத் தொடங்கினேன். முதல் படத்தில் அல்ட்ராமரின் நீலத்தை டியூப்பிலிருந்து எடுத்து அப்படியே ஆறு முழுக்க அப்பினேன். அவன் பேசவில்லை. மறுநாள் விடியப் பாலத்தடிக்குக் கூட்டிப்போய், “மாமா, இதில நீலம் எங்க இருக்கு, காட்டுங்க பாப்பம்” என்றான்.

காட்ட முடியவில்லை. தூரத்துத் தண்ணீரில் வானம் கிடந்தது, மேகச் சாம்பலாக. காலடியில் வானம் இல்லை, சேறும் பாசியும் தெரிந்தன. கண்டல் மரத்தின் கரும்பச்சை தண்ணீருக்குள் ஒரு படி வெளிறியிருந்தது. வெள்ளைக் கொக்கின் விம்பமோ கொக்கைவிட ஒரு படி மங்கல். பழைய இரும்புப் பாலத்தை நான் அப்படியே தலைகீழாக்கித் தண்ணீரில் வைத்திருந்தேன். ஆனால் தண்ணீர் காட்டுவது பாலத்தின் அடிவயிற்றை. 1924இல் திறந்த அந்தப் பாலத்தில் எத்தனை ஆயிரம் தடவை சைக்கிள் மிதித்திருப்பேன், அடிவயிற்றை அன்றுதான் பார்த்தேன்.

கடைசியில் ஆற்றின் நிறம் பர்ன்ட் அம்பர் என்ற கபிலத்திலும் யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சளிலும்தான் வந்தது. வெள்ளை கொஞ்சம், நீலம் தூரிகை நுனியளவு.

சரி, நிறம் பிடிபட்டது, பொறுமை பிடிபடவில்லை. இந்த வர்ணம் தண்ணீரைப்போல ஆவியாகிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஒட்சிசனை எடுத்து மெல்ல இறுகவேண்டும். மார்கழி ஈரத்தில் கேட்கவே வேண்டாம். நான் அடிப்பூச்சில் எண்ணெயைக் கூட்டி, மேலே டர்பன்டைன் கலந்து மெலிசாகப் பூசினேன். சில மாதத்தில் என் வானம் கோடைக்கால வயல்போல வெடித்தது. மெலிசு கீழே, கொழுப்பு (எண்ணெய் கூடிய பூச்சு) மேலே என்று மருமகன் பத்துத் தடவை சொன்னது அப்புறம்தான் மண்டையில் ஏறியது.

பிரான்சில் தோபிஞி என்ற ஓவியர் 1857இல் ஒரு படகையே பட்டறையாக்கி, உவாஸ் ஆற்றில் மிதந்தபடி வரைந்தார். நமக்குத் தோணிக்குப் பஞ்சமா?

தோணிகூட வேண்டாம். ஆறு என்று தலைப்புக் கொடுக்கிறவர்கள் பிள்ளைகளை ஒரு மணித்தியாலம் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போகட்டும். வாட்டர் கலர்ப் பெட்டி போதும். நடுவர்களும் கூடவே வரட்டும். பேத்தியின் படத்திலுள்ள அந்தச் சிவப்பு எழுத்து, ஈரம் காயாத எண்ணெய் வர்ணமாக இருந்தால் கத்தியால் சுரண்டி எடுத்திருப்பேன். கடதாசியில் பேனை மை போகமாட்டேன் என்கிறது.

ஓய்வுபெற்ற படவரைஞர்,
கல்லடி, மட்டக்களப்பு.