சம்பளத்தில் சலவைக்குப் பிடித்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கில நாவல்களில் வரும் கவர்னஸ்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஷார்லட் பிராண்டே எழுதிய 'ஜேன் ஐர்' நாவலின் மாளிகை, மேல்மாடியில் அடைபட்டுக் கிடக்கும் மனைவி, வீட்டு எசமானின் காதல் என்று எல்லாவற்றையும் கட்டுரையாளர் மனம் ஒன்றி எழுதியிருக்கிறார். ஆனால் கவர்னஸ் என்பவள் பிழைப்புக்காக அந்நியர் வீட்டில் தங்கிப் பாடம் சொல்லிக்கொடுத்த பெண். அந்த வேலை எப்படிப்பட்டது, அதற்கு என்ன சம்பளம், அந்த வீட்டில் அவளை யார் மதித்தார்கள் என்பது பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. ஆன் பிராண்டே எழுதிய 'ஆக்னஸ் கிரே' ஒரே ஒரு முறை, ஷார்லட்டின் தங்கை எழுதிய சிறு நாவல் என்ற அளவில் வந்துபோகிறது. இதைப் படித்தபோது எனக்கு மிகுந்த வருத்தமாக இருந்தது. கவர்னஸைப் பற்றி ஒரே ஓர் ஆங்கில நாவலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்று யாராவது என்னிடம் சொன்னால், அந்தச் சிறு நாவலைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

பிராண்டே சகோதரிகளின் தந்தை ஹாவர்த் ஊரின் பாதிரியார். குடும்பம் வாழ்ந்த வீடு திருச்சபையுடையது. அவர் கண்ணை மூடினால் பெண்களுக்கு வீடும் இல்லை, வருமானமும் இல்லை. படித்த, கௌரவமான குடும்பத்துப் பெண் ஒருத்தி தன் தகுதியை இழக்காமல் சம்பளம் வாங்கக்கூடிய வேலை அன்றைய இங்கிலாந்தில் ஏறத்தாழ இது ஒன்றுதான். 1851ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 25,000 பேர் கவர்னஸ் என்று பதிவாகியிருக்கிறார்கள். இவர்களை உருவாக்கியது எது என்பதை விமர்சகர் எலிசபெத் ரிக்பி 1848 டிசம்பரில் 'குவார்ட்டர்லி ரிவியூ' இதழில் வெளிப்படையாகவே எழுதினார். சில தகப்பன்மார்களின் ஊதாரித்தனமும் தவறுகளும் குற்றங்களும் விதையாக விழுந்தால்தான் நமக்குக் கவர்னஸ்கள் விளைவார்கள் என்றார். பிறப்பிலும் படிப்பிலும் நமக்குச் சமமானவள், பணத்தில் மட்டும் தாழ்ந்தவள் என்பது அவர் தந்த விளக்கம். 'ஜேன் ஐர்' நாவலைக் கடுமையாகத் தாக்கிய அதே கட்டுரையில்தான் இதுவும் இருக்கிறது. அந்த நாவலைப் பற்றி அவர் சொன்ன எதையும் நான் ஏற்கவில்லை. ஆனால் ஒரு வர்க்கம் தன் பிள்ளைகளுக்கு ஆசிரியை வேண்டும் என்பதற்காகத் தன்னிலேயே நொடித்துப்போன குடும்பங்களை எதிர்பார்த்திருந்தது என்ற உண்மையை இதைவிடத் தெளிவாகச் சொன்னவர்கள் குறைவு.

சம்பளத்தைப் பாருங்கள். ஷார்லட் பிராண்டே 1841இல் ராடன் என்ற இடத்தில் ஒரு குடும்பத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஆண்டுக்கு 20 பவுன் என்று பேச்சு. துணி வெளுக்கும் செலவைப் பிடித்துக்கொண்ட பிறகு கையில் நின்றது 16 பவுன். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு வேறொரு வீட்டிலிருந்து தங்கை எமிலிக்கு எழுதிய கடிதத்தில், தனியார் வீட்டுக் கவர்னஸுக்கு இருப்பு என்பதே கிடையாது, செய்து தீர்க்க வேண்டிய சலிப்பூட்டும் கடமைகளோடு சேர்த்துத்தான் அவளை உயிருள்ள பிறவியாக எண்ணுகிறார்கள் என்று குமுறியிருக்கிறார். பாடம் சொல்லிக்கொடுப்பதோடு வேலை முடிந்துவிடவில்லை. துணிகளுக்கு ஓரம் தைப்பதும், இரவுக் குல்லாய்கள் தைப்பதும், குழந்தைகளின் பொம்மைகளுக்கு உடை தைப்பதும் அவர் தலையில்தான் விழுந்தன.

ஷார்லட் இப்படிப்பட்ட வீடுகளில் சில மாதங்களுக்கு மேல் நிலைக்கவில்லை. ஆன் பிராண்டே தார்ப் கிரீன் என்ற இடத்தில் ஒரே குடும்பத்தில் 1840 முதல் 1845 வரை, ஐந்து ஆண்டுகள், வேலை பார்த்தார். 'ஆக்னஸ் கிரே' அந்தப் பொறுமையிலிருந்து பிறந்த புத்தகம். ஆக்னஸின் தந்தையும் பாதிரியார்தான். இருந்த சிறு சொத்தை விற்று அந்தப் பணத்தை ஒரு வணிகரிடம் கொடுத்து, சரக்குக் கப்பல் மூழ்கியதில் எல்லாவற்றையும் இழந்தவர். 25 பவுன் சம்பளத்துக்கு ஆக்னஸ் புளூம்ஃபீல்டு குடும்பத்துக்குப் போகிறாள். பிள்ளைகளைத் தண்டிக்க அவளுக்கு அதிகாரம் இல்லை. அவர்கள் அடங்காவிட்டால் பழி மட்டும் அவள்மேல். மேரி ஆன் என்ற சிறுமி பாடம் ஒப்பிக்க மறுத்து மரக்கட்டைபோலத் தரையில் கிடப்பாள். ஆக்னஸ் ஒரு கையால் அவளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையில் புத்தகத்தை ஏந்தியபடி பாடம் நடத்துவாள். வகுப்பறையில் ஒருநாள் நின்றவர்களுக்குக்கூட இந்தக் காட்சியின் உண்மை புரியும்.

பறவைக் குஞ்சுகள் வரும் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டாம் என்ற சிறுவன் கூட்டோடு குஞ்சுகளைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக வதைத்துக் கொல்லப்போவதாகக் குதூகலிக்கிறான். மாமா உடனிருந்து தூண்டிவிட்டு ரசிக்கிறார். அவனைத் தடுக்க ஆக்னஸுக்கு ஒரு வழியும் இல்லை. பெரிய தட்டைக் கல் ஒன்றை எடுத்துவந்து குஞ்சுகள்மேல் தானே போட்டு ஒரேயடியாகக் கொன்றுவிடுகிறாள். பிறகு டாமின் தாய் ஆக்னஸைக் கூப்பிட்டுக் கண்டிக்கிறாள். ஜீவராசிகள் எல்லாம் நம் வசதிக்காகப் படைக்கப்பட்டவை, பிள்ளையின் விளையாட்டைக் கெடுக்கலாமா என்பது அவள் கேள்வி. பொறுப்பு முழுவதையும் சுமத்திவிட்டு அதிகாரத்தில் ஒரு துளியும் தராத ஒரு வேலை, மென்மையான மனம் கொண்ட பெண்ணை எதுவரை தள்ளிக்கொண்டு போகும் என்பதை இவ்வளவு துணிச்சலாக எழுதிய இன்னொரு பக்கத்தை அக்கால நாவல்களில் நான் படித்ததில்லை.

அடுத்த வீட்டில் சம்பளம் 50 பவுனாக உயர்கிறது. அவமதிப்பு ஓசையில்லாததாக மாறுகிறது. தேவாலயத்துக்குப் போகும் வண்டியில் திறந்த ஜன்னலுக்கு எட்டாத மூலையில், குதிரைகளுக்கு முதுகு காட்டும் இருக்கையில் அவளை நெருக்கி உட்கார வைப்பார்கள். ஒவ்வொரு முறையும் அவளுக்குக் குமட்டும். திரும்பும் வழியில் உடன் நடந்துவரும் கனவான்கள் வீட்டுப் பெண்களிடம் பேசும்போது அவர்கள் பார்வை தற்செயலாக இவள்மேல் பட்டால், வெறும் வெளியைப் பார்ப்பதுபோல் இருக்கும். வேலைக்காரர்களும் எசமானர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்து அதன்படியே இவளை நடத்துகிறார்கள். அடுக்களையிலும் இடமில்லை, விருந்தறையிலும் இடமில்லை.

இந்த நாவல் ஏன் நிழலில் நின்றது? 'ஆக்னஸ் கிரே' 1846 கோடையிலேயே பதிப்பாளர்களுக்கு அனுப்பப்பட்டுவிட்டது. ஏற்றுக்கொண்ட பதிப்பாளர் இழுத்தடித்தார். 1847 அக்டோபரில் வேறொரு பதிப்பகத்திலிருந்து 'ஜேன் ஐர்' வெளிவந்து பரபரப்பானது. டிசம்பரில்தான், எமிலியின் 'வதரிங் ஹைட்ஸ்' இரண்டு தொகுதிகளை நிரப்ப, மூன்றாவது தொகுதியாக 'ஆக்னஸ் கிரே' வந்தது. முன்பே எழுதிய தங்கையின் புத்தகம் அக்காவின் புத்தகத்தைப் பின்தொடர்ந்து வந்ததுபோலத் தோன்றிவிட்டது. உங்கள் கட்டுரையாளரும் அந்த வரிசையிலேயே இதை வைத்திருக்கிறார்.

ஜேன் ஐரை நான் குறைத்துப் பேசவில்லை. எவ்வளவு பணம் இருந்தாலும் நீங்கள் என்னை வாங்க முடியாது என்ற நிமிர்வோடு எசமான் முன் நின்ற அந்தப் பெண்ணை இளம் வயதிலிருந்தே நேசிக்கிறேன். ஆனால் அவள் பாடம் நடத்தும் காட்சிகள் மிகவும் குறைவு. மாணவி ஒருத்திதான், அவளும் பணிந்து நடப்பவள். கடைசியில் மடீராவில் இருந்த சித்தப்பாவின் 20,000 பவுன் சொத்து வந்து அவளைக் கைதூக்கி விடுகிறது. மற்ற 25,000 பேருக்கு எந்தச் சித்தப்பா இருந்தார்?

கவர்னஸ் என்றாலே சூழ்ச்சிக்காரி என்ற அச்சமும் அன்று வலுவாக இருந்தது. தாக்கரேயின் 'வேனிட்டி ஃபேர்' நாவலில் வரும் கவர்னஸ் பெக்கி ஷார்ப் அதற்குப் பெயர்போனவள். ஷார்லட் தம் நாவலின் இரண்டாம் பதிப்பைத் தாக்கரேக்குச் சமர்ப்பணம் செய்தபோது, எழுதியவள் அவர் வீட்டுக் கவர்னஸாகத்தான் இருக்க வேண்டும், பெக்கியாகச் சித்தரிக்கப்பட்டவளும் அவளே என்று லண்டனில் வதந்தி கிளம்பியது. 'ஜேன் ஐர்' நாவலில் அடைபட்டுக் கிடக்கும் மனைவியைப் போலவே தாக்கரேயின் மனைவியும் மனநோயால் பாதிக்கப்பட்டவர் என்பது ஷார்லட்டுக்கு அப்போது தெரியாது. முன்பின் பார்த்திராத இருவரை ஊரார் எவ்வளவு எளிதாக முடிச்சுப் போட்டார்கள் என்று பாருங்கள். 1898இல் ஹென்றி ஜேம்ஸ் 'த டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ' என்ற தம் பேய்க்கதையின் கவர்னஸுக்குப் பெயரே வைக்கவில்லை. அவள் பேயைக் கண்டாளா, புத்தி பேதலித்தாளா என்று வாசகர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். அவளுக்கு என்ன சம்பளம் என்று கேட்பவர் அரிது.

ஆக்னஸும் முடிவில் மணம் புரிந்துகொள்கிறாள்தான். ஆனால் அதற்கு முன்பே அந்த வேலையை விட்டு வந்து, தாயோடு சேர்ந்து சொந்தமாகப் பள்ளி நடத்துகிறாள். மணப்பவரும் எந்த மாளிகைக்கும் சொந்தக்காரர் அல்லர், சாதாரணப் பாதிரியார். நாவல் வெளிவந்த மறு ஆண்டு, 1848இல், கவர்னஸ்களுக்கு முறையான கல்வியும் சான்றிதழும் தரும் நோக்கத்தோடு லண்டன் ஹார்லி தெருவில் குவீன்ஸ் காலேஜ் தொடங்கப்பட்டது. கட்டுரையில் இதற்கும் இடம் கிடைத்திருக்கலாம்.

கட்டுரையாளர் இதே பொருளில் மீண்டும் எழுதுவதாக இருந்தால், 'ஆக்னஸ் கிரே'க்கு ஒரு முழுக் கட்டுரை ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். குறிப்பாக, புளூம்ஃபீல்டு வீட்டு அத்தியாயங்களிலிருந்து சில பக்கங்களைத் தமிழாக்கி அதனுடன் வெளியிட்டால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி